வீட்டுவண்டியும் வானொலி இடையூறும்

தோற்றுவாய்

கரிசற் சீமையில் வாழ்ந்த நம் முன்னோர் திருச்செந்தூருக்கும் இருக்கன்குடிக்கும் திருவிழாக் காணச் சென்ற காலத்தில் கூண்டு வண்டியே அவர்க்கு வழிவீடாக இருந்தது. உள்ளே வைக்கோல் மெத்தை, அதன்மேல் ஜமக்காளம், வண்டியின் அடியில் ஆடிக்கொண்டு செல்லும் அரிக்கன் விளக்கு, ஒரு மூலையில் கட்டுச்சோறும் தண்ணீர்க் குடமும். அவ்வண்டியிலுள்ள பொருள்களுள் ஒன்று மற்றொன்றின் தொழிலைக் கெடுத்ததில்லை. விளக்கு எரிவதனால் சோறு கெட்டதில்லை. மாட்டின் சலங்கை ஒலிப்பதனால் விளக்கு அணைந்ததுமில்லை.

இக்காலத்து வீட்டுவண்டியோ அத்தகையதன்று. சினிமாத் தொழிலாளர் கேரவன் என்று வழங்கும் இம்மோட்டார் வண்டியில் படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, நீர்த்தொட்டி, மின்விசிறி, எல்.இ.டி. விளக்குகள், கூரைமேல் சூரிய மின்பலகை, அதன் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பாட்டரி ஆகிய யாவும் ஒரு சிற்றறைக்குள் அடங்கியிருக்கின்றன. இவற்றோடு ரேடியோக் கருவி ஒன்றையும் அதற்குரிய ஏரியலையும் சேர்த்த அன்றே வழக்குத் தொடங்கிவிடுகின்றது. விளக்கைப் போட்டால் ரேடியோ இரைகின்றது. ரேடியோவில் பேசினால் விளக்குத் துடிக்கின்றது. இவ்வழக்கின் காரணம் யாது, அதனைத் தீர்க்கும் வழி யாது என்பவற்றை மாணவ நண்பர்களும் ஏனைய வாசகர்களும் அறியுமாறு சுருங்கக் கூறுதலே ஈண்டு நமது நோக்கம்.

இஃது உல்லாசப் பிரயாணிகளுக்கே உரிய விஷயமென்று எவரும் ஒதுக்கிவிடலாகாது. 2023 ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நம் தென்கோடி ஜில்லாக்களில் பெய்த பெருமழையை நாம் மறந்திலேம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பிரயாணிகளுடன் வெள்ளத்தால் சூழப்பட்டு நின்றது. ஊர்கள் பலவற்றில் மின்சாரம் நின்றது; கைப்பேசித் தொடர்பும் அறுந்தது. இத்தகைய வேளையில், தன் பாட்டரியும், தன் சூரிய மின்பலகையும், தன் ரேடியோவும் உடைய வண்டி ஒன்று மேட்டு நிலத்தில் நிற்குமாயின், அஃது ஓர் ஊருக்கே வாயும் செவியுமாகும்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் ரேடியோப் பணியின் பொருட்டுப் போர்ட் பிளேயரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவருடன் சென்றிருந்த அன்பர்களும் தம் கருவியைக்கொண்டே தீவுகளின் செய்தியை வெளியுலகிற்கு அனுப்பினர் என்பதை நாடறியும். ஆயின், வண்டியில் நின்று ஒருவர் ரேடியோவில் உதவி கோரும்போது, அவ்வலையினாலேயே அருகிலுள்ள குளிர்ப்பெட்டியின் கட்டுப்பாட்டுக் கருவி மயங்கி நின்றுவிட்டால் என் செய்வது? தடுப்பு மருந்துகளுட் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்திற்குள் காத்தல் வேண்டும். செய்தி சேர்ந்தது, மருந்து கெட்டது என்னும் நிலை வருதல் நன்றன்று. ஆதலின், ஆபத்து வருமுன்னரே, மழையில்லாத நாளில் அமைதியாக இருந்து தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு இது.

எக்கம்பியும் ஏரியலே

ஜெர்மானிய விஞ்ஞானியாகிய ஹெர்ட்ஸ் என்பார் 1887 ஆம் ஆண்டு முதலாகச் செய்த சோதனைகளில், இரண்டு உலோகக் குமிழ்களுக்கிடையே மின்பொறி ஒன்றைத் தாவச் செய்து, அதனால் எழுந்த அலை அறையின் மறுபுறத்திலுள்ள கம்பி வளையத்திலும் சிறு பொறியை எழுப்புவதைக் கண்டார். 1895 ஆம் ஆண்டில் நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் அவர்கள் கல்கத்தாவில் அத்தகைய அலையைக்கொண்டு, சுவருக்கு அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். உலகின் முதல் வானொலி அலை பொறியினின்று பிறந்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். மின்னோட்டம் திடீரெனத் தொடங்கும் இடத்திலும் திடீரென நிற்கும் இடத்திலும் அலை பிறக்கின்றது. அதனை வேண்டிப் பிறப்பித்தால் ஒலிபரப்பு என்கிறோம். வேண்டாமற் பிறந்தால் இரைச்சல் என்கிறோம். இயற்கைக்கு இவ்விரண்டும் ஒன்றே.

இனி, அலையின் நீளத்தைப் பற்றிச் சிறிது கூறுவாம். ஒளியும் வானொலி அலையும் ஒரு விநாடியில் ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்வன. இத்தொகையை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 1963 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி வானொலி நிலையத்தின் 1197 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பை நம் கோவில்பட்டிப் பக்கத்தார் நெடுநாள் கேட்டுப் பழகியவர். அதன் அலைநீளம் ஏறத்தாழ 250 மீட்டர். அமெச்சூர் அன்பர்கள் தொலைவிடங்களுடன் பேசப் பயன்படுத்தும் 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 42 மீட்டர். அவர்கள் அண்மையிலுள்ளாரோடு பேசும் 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 2 மீட்டரே.

ஒரு கம்பியின் நீளம் அலைநீளத்தின் காற்பங்கை நெருங்குமாயின், அஃது அவ்வலையை எளிதில் ஏற்கும். எளிதில் வீசவும் செய்யும். 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்குக் காற்பங்கு என்பது பத்தரை மீட்டர். வண்டியின் முன்புறத்துப் பாட்டரியிலிருந்து கூரைவழியே வளைந்து நெளிந்து பின்புறத்து விளக்கைச் சென்றடையும் கம்பியை அளந்து பாருங்கள். அதுவும் ஏறத்தாழ அந்நீளமே இருத்தல் கூடும். கடையில் ஏரியல் என்று பெயர் சொல்லி வாங்கியது ஒன்று. பெயர் சொல்லாமலே வண்டியில் ஓடும் ஏரியல்கள் ஒரு நூறு. அலைக்குப் பெயர் தெரியாது, நீளமே தெரியும்.

இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே. விளக்கினின்று ரேடியோவிற்கு இரைச்சல் எவ்வழியாகச் செல்கின்றதோ, ரேடியோவினின்று விளக்கிற்கு இடையூறும் பெரும்பாலும் அவ்வழியாகவே வருகின்றது. நன்கு ஏற்கும் கம்பி நன்கு வீசும். நன்கு வீசும் கம்பி நன்கு ஏற்கும். ஆதலின் ஒரு வழியை அடைத்தால் இரு வழக்கும் தீரும்.

இரைச்சலின் ஊற்றைக் காணுதல்

நோயை அறியாது மருந்து கொடுத்தல் பயனற்றது. முதற்கண், வண்டியை ஊருக்கு வெளியே, மின்கம்பங்களுக்கும் ரயில் பாதைக்கும் தொலைவான ஒரு வெளியில் நிறுத்துக. கரிசற் பூமியில் அத்தகைய வெளிக்குக் குறைவில்லை. யந்திரத்தை நிறுத்தி, விளக்கு விசிறி முதலிய யாவற்றையும் அணைத்துவிட்டு, ரேடியோவை மட்டும் பாட்டரியில் இயக்கிக் கேட்க. அப்போதும் இரைச்சல் கேட்குமாயின் அதன் ஊற்று வெளியிலுள்ளது; வண்டியைச் சில பர்லாங்கு நகர்த்திப் பார்த்து அதனை உறுதி செய்யலாம். அமைதியாக இருக்குமாயின், ஒவ்வொரு சாதனமாகப் போட்டு, எதனைப் போட்டபோது இரைச்சல் தொடங்கியது என்பதை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதுக. தனி ஸ்விட்சு இல்லாத சாதனங்களுக்கு அவற்றின் ப்யூஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தல் போதும்.

இரைச்சலின் தன்மையே அதன் பிறப்பிடத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். யந்திரத்தின் வேகத்திற்கேற்ப ஏறியும் இறங்கியும் சீழ்க்கையடித்தால், பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரே அதற்குக் காரணம். டிக், டிக் என்று வேகத்தோடு விரைந்து ஒலித்தால், பெட்ரோல் யந்திரத்தின் ஸ்பார்க் பிளக் காரணமாகும். அது ஹெர்ட்ஸ் கண்ட பொறியே. டீசல் யந்திரத்தில் ஸ்பார்க் பிளக் இல்லை; ஆதலின் நம் பக்கத்து வேன்களிலும் லாரிகளிலும் இவ்வோசை பெரும்பாலும் எழுவதில்லை. வேகம் மாறினும் தான் மாறாது முனகினால், எண்ணெய் இறைக்கும் பம்பையோ விசிறியின் மோட்டாரையோ ஐயுறுக. ரேடியோவின் முள்ளை நகர்த்துந்தோறும் சம இடைவெளிகளில் இரைச்சல் முகடுகள் தோன்றினால், எல்.இ.டி. விளக்கின் சுற்று, கைப்பேசிச் சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவற்றுள் ஒன்றே காரணம் என்க. இவை ஒரு விநாடியில் பல்லாயிரம் அல்லது பல லட்சம் முறை மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடுவன. 100 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் சுற்று 200, 300, 400 என்று மடங்கு மடங்காக ஓசை எழுப்பிக்கொண்டே சென்று, 7 மெகாஹெர்ட்ஸிலும் தன் குரலைக் காட்டவல்லது.

பகல் முழுதும் இரைந்து, பொழுது சாய்ந்தவுடன் தானே அடங்கும் இரைச்சல் ஒன்றுண்டு. அது சூரிய மின்பலகையின் சார்ஜ் கண்ட்ரோலரிலிருந்து வருவது. ஐயமுள்ளோர் நண்பகலில் மின்பலகையின் மேல் தடித்த படுதா ஒன்றைப் போர்த்திப் பார்க்க. இரைச்சல் நின்றால் குற்றவாளி அகப்பட்டான். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் சீமையில் இச்சோதனையை ஆண்டில் பெரும்பாலான நாட்களில் செய்யலாம்.

மறுபுறத்து வழக்கிற்கு, அஃதாவது நாம் பேசும்போது வண்டியின் சாதனங்கள் மயங்குவதற்கு, வேறொரு சோதனை உண்டு. ஏரியலைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக டம்மி லோட் என்று ரேடியோக்காரர் வழங்கும் 50 ஓம் தடையைப் பூட்டுக. இது மின்சக்தியைச் சூடாக மாற்றித் தன்னுள்ளே அடக்கிவிடும்; அலையை வெளியே விடாது. இப்போதும் விளக்குத் துடித்தால், இடையூறு மின்சாரக் கம்பியின் வழியே செல்கின்றது. துடிப்பு நின்றால், அஃது ஏரியலிலிருந்து ஆகாய வழியாகவோ, ஏரியலுக்குச் செல்லும் கேபிளின் வெளிப்புறத்தின் வழியாகவோ சென்றது என்று தெளியலாம். பின்னர் ஏரியலை மீண்டும் பூட்டி, 100 வாட், 50 வாட், 10 வாட் எனச் சக்தியைப் படிப்படியாகக் குறைத்து, எவ்வளவில் மயக்கம் நீங்குகின்றது என்பதையும் குறித்துக்கொள்க. ரேடியோவில் பேசி அனுப்புதற்கு அரசாங்கத் தேர்வில் தேறி உரிமம் பெற்றிருத்தல் வேண்டும் என்பதை ஈண்டு நினைவூட்டுகின்றோம். கேட்பதற்கு மட்டும் வைத்திருப்போர்க்கு முதற்சோதனையே போதும்.

தீர்க்கும் வழிகள்

முதலாவது, ஏரியலின் இடம். ஏரியலை அண்டியுள்ள இடத்தில் அலையின் வலிமை மிக அதிகம். சிறிது விலகினும் அது விரைந்து குறைந்துவிடும். ஆதலின் ஏரியலை விளக்குக் கம்பிகளுக்கும் சூரிய மின்பலகைக்கும் கண்ட்ரோலருக்கும் இயன்ற அளவு தொலைவில் வைத்தல் வேண்டும். 145 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அரை மீட்டர்க் குச்சியே போதுமாதலின் அதனை உலோகக் கூரையின் நடுவில் நிறுத்தலாம். கூரை உலோகமாயின் அது கவசம்போல் நின்று உள்ளேயுள்ள கம்பிகளைக் காக்கும். ஃபைபர் கண்ணாடியாற் செய்த கூரை அலைக்குத் திறந்த பந்தலேயாம். அத்தகைய வண்டியில், ஏரியலின் அடியில், சுற்றிலும் அரை மீட்டர் பரப்புக்கு மெல்லிய உலோகத் தகடு ஒன்றைப் பதித்தல் நன்று. 7 மெகாஹெர்ட்ஸ் ஏரியலோ பத்தரை மீட்டர் வேண்டுவது. அது சாலையில் ஓடும் வண்டியின்மேல் நிற்றல் இயலாது. அதனால் சுருட்கம்பி சேர்த்துக் குறுக்கிய ஏரியலை வண்டியின் பின்புறத்தில் நிறுத்துவர். இவ்வேரியலுக்கு வண்டியின் உடலே மறுபாதியாகும் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, வண்டியின் உடலை ஓருடலாக்குதல். பார்வைக்கு வண்டி ஒரே இரும்புபோலத் தோன்றினும், கதவு, பின்மூடி, தகடு, சட்டம் ஆகியவற்றுக்கிடையே பெயிண்டும் துருவும் ரப்பரும் புகுந்து அவற்றைத் தனித்தனித் தீவுகளாக்கியிருக்கின்றன. மறுபாதி ஏரியலாக இருக்கவேண்டிய உடல் இங்ஙனம் துண்டுபட்டிருப்பின், அலையின் மின்னோட்டம் தனக்கு வேறு வழி தேடி விளக்குக் கம்பிகளில் இறங்கும். ஆகவே, தீவுகளைப் பாலங்களால் இணைத்தல் வேண்டும். அதற்குப் பின்னல் செம்பு நாடாவே சிறந்தது. பெயிண்டைச் சுரண்டி, வெள்ளிபோல் மின்னும் உலோகத்தில் அதனைப் போல்ட்டால் இறுக்கி, துருப் பிடியாதபடி மேலே கிரீஸ் தடவுக.

நாடா ஏன், சாதாரணக் கம்பி ஆகாதோ என்று சிலர் வினவலாம். உயர் அதிர்வெண்ணுடைய மின்னோட்டம் உலோகத்தின் தோலிலேயே செல்வது. 7 மெகாஹெர்ட்ஸில் அது செம்பின் மேற்புறத்தில் ஒரு மில்லிமீட்டரின் நாற்பதில் ஒரு பங்கு ஆழத்திற்குள் அடங்கிவிடும். ஆகவே பருமனைக் காட்டிலும் பரப்பே வேண்டற்பாலது. அன்றியும், ஒரு மில்லிமீட்டர்ப் பருமனும் ஒரு மீட்டர் நீளமும் உடைய செம்புக் கம்பி பாட்டரியின் மின்சாரத்திற்கு ஓர் ஓமில் நூற்றில் இரண்டு பங்கே தடையாகும். அதே கம்பி 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 50 ஓமுக்கும் மேற்பட்ட தடையாகி நிற்கும். மீட்டர் வைத்துப் பார்ப்போர்க்கு இணைப்பு உண்டு. அலைக்கோ இணைப்பு இல்லை! ஆதலின் நாடா குறுகிய நீளமும் அகன்ற பரப்பும் உடையதாதல் வேண்டும்.

மூன்றாவது, ரேடியோவிற்கு மின்சாரம் செல்லும் கம்பி. விளக்குக் கம்பியினின்று கிளை எடுத்து ரேடியோவிற்குத் தருதல் வழக்கமான குற்றம். 100 வாட் அனுப்பும் கருவி ஒன்று 12 வோல்ட்டுப் பாட்டரியிலிருந்து ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். அவ்விழுப்பினாலேயே மற்றச் சாதனங்கள் தளரும். ஆகவே பாட்டரியிலிருந்தே தனிக் கம்பிகளைக் கொண்டுவருக. பாட்டரியின் அருகிலேயே ப்யூஸ் வைக்க. பாட்டரியின் எதிர்முனையில் மின்னோட்டத்தை அளக்கும் கருவி பொருத்திய புது வண்டிகளில், எதிர்க் கம்பியை முனையிற் கட்டாது, அம்முனை வண்டியின் உடலோடு சேரும் இடத்திற் கட்டுதல் முறை. போகும் கம்பியையும் வரும் கம்பியையும் கயிறுபோல் முறுக்கிச் செலுத்தினால், ஒன்றின் அலை மற்றொன்றின் அலையைப் பெரும்பாலும் தின்றுவிடும். பிற கம்பிகளைக் கடக்க நேரின் குறுக்காகக் கடக்கச் செய்க; உடன் ஓடவிடற்க.

நான்காவது, ஃபெரைட் வளையம். கம்ப்யூட்டரின் கம்பியில் விரற்கடை நீளத்தில் உருண்டையாக ஒரு முடிச்சு இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அதனுள்ளே இருப்பது இதுவே. இரும்பின் ஆக்ஸைடோடு வேறு உலோக ஆக்ஸைடுகளைச் சேர்த்துச் சுட்டெடுத்த இக்கரும்பொருளை 1930 ஆம் ஆண்டில் டோக்கியோவில் காட்டோ, டாக்கெய் என்னும் இரு பேராசிரியர்கள் கண்டனர். கம்பியில் செல்லும் பாட்டரி மின்சாரத்தை இது தடுப்பதில்லை. கம்பியின் வெளிப்புறமாக ஏறிவரும் அலையை மட்டும் தடுத்து, அதனைச் சிறு சூடாக மாற்றிவிடுகின்றது. ஒரு வளையத்தினூடே கம்பியை ஒரு முறை செலுத்துவதற்கும் நான்கு முறை சுற்றுவதற்கும் உள்ள வேறுபாடு நான்கு மடங்கன்று, ஏறத்தாழப் பதினாறு மடங்கு. சுற்றின் வர்க்கத்திற்கேற்பத் தடை பெருகும் என்பது விதி. ஏரியலுக்குச் செல்லும் கேபிளை ஏரியலின் அடியிலேயே இவ்வளையத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றுக. மயங்கும் சாதனத்தின் கம்பிகளையும், போகும் கம்பி வரும் கம்பி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, சாதனத்தின் வாயிலிலேயே சுற்றுக. வளையங்களில் பல கலவை உண்டு; 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றது 31 என்னும் எண்ணுடைய கலவை. எண் அறியாது வாங்கியது பயன்படாதொழியின், அதுகொண்டு முறையைப் பழித்தல் தகாது.

ஐந்தாவது, கண்டென்ஸர். மயங்கும் சாதனத்தின் மின்சார வாயிலில் 0.01 மைக்ரோஃபாரட் அளவுள்ள செராமிக் கண்டென்ஸர் ஒன்றைக் குறுக்கே இணைத்தால், பாட்டரி மின்சாரத்திற்கு அது மூடிய கதவு. 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கோ இரண்டு ஓமுக்குச் சிறிது மேற்பட்ட தடையே உடைய திறந்த மடை. வந்த அலை உட்புகாமல் மடைவழியே திரும்பிவிடும். அதன் கால்களை நீள விடாது ஒட்ட வெட்டிப் பற்றவைத்தல் வேண்டும்.

ஆறாவது வழி செலவற்றது. இரையும் சாதனத்தை வேண்டாத வேளையில் அணைத்துவிடுக. இரவில் அரை மணி நேரம் செய்தி கேட்பதற்கு இன்வெர்ட்டர் ஓடவேண்டியதில்லை. புதிதாக வாங்குவோர், ரேடியோ இடையூற்றை ஆராய்வதற்கென்று 1934 ஆம் ஆண்டில் பாரிஸில் கூடித் தொடங்கிய சிஸ்பர் என்னும் சர்வதேசக் குழுவின் விதிகளுக்கு இணங்கிய சாதனமா என்று கேட்டு வாங்குதல் நன்று. மலிவான எல்.இ.டி. விளக்கில் மிச்சமான பணம் ஃபெரைட் வளையத்தில் செலவாகும்.

கரிசல் மண்ணும் எர்த் கம்பியும்

நம் பக்கத்தில் இவ்விஷயத்தைப் பற்றி வழங்கும் கருத்து ஒன்றுண்டு. வண்டி ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கின்றது, மண்ணோடு தொடர்பில்லை, ஆதலின் இரும்புக் கோல் ஒன்றை நிலத்தில் அடித்துக் கம்பியால் இணைத்தால் இடையூறு அனைத்தும் மண்ணுக்குள் போய்விடும் என்பர். இதனை ஆராய்தல் வேண்டும்.

கரிசல் மண் ஈரமாயிருக்கும்போது மின்சாரத்தை நன்கு கடத்துவது. தேரி மணலைக் காட்டிலும் அதன் தடை பன்மடங்கு குறைவு. மழைக்குப் பின் ஊறிய கரிசற்காட்டில் நிற்கும் வண்டியின் ஏரியல், வறண்ட தேரியில் நிற்பதைக் காட்டிலும் நன்கு தொழில் புரியும் என்பது உண்மை. வண்டியின் உடலும் நிலமும் கண்டென்ஸரின் இரு தகடுகள்போல் நின்று, சக்கரத்தின் தயவில்லாமலே அலையின் மின்னோட்டத்தைப் பரிமாறிக்கொள்கின்றன. ஆயின் சித்திரை வைகாசியில் அதே மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துவிடுகின்றது. அப்போது அடித்த கோல் வெடிப்பின் காற்றில் நிற்குமேயன்றி மண்ணைப் பற்றி நிற்பதில்லை.

மண் நன்றாயிருப்பினும் கோலுக்குச் செல்லும் கம்பியை எண்ணிப் பார்க்க. இரண்டு மூன்று மீட்டர் நீளமுள்ள அக்கம்பி 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நூறு ஓமுக்கும் மேற்பட்ட தடை. 145 மெகாஹெர்ட்ஸ் அலைக்கோ அஃது ஓர் அலைநீளத்திற்கும் மேற்பட்டதாதலின், தானே ஓர் ஏரியலாகி நிற்கும். வழக்கைத் தீர்க்க வந்தவர் வழக்கில் ஒரு கட்சியாகிவிடுகின்றார்! வெளியிலிருந்து 230 வோல்ட்டு மின்சாரத்தை வண்டிக்கு எடுக்கும்போது உயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு எர்த் இணைப்பு இன்றியமையாதது; அதில் ஐயமில்லை. கோடையில் அக்கோலின் அடியில் நீர் ஊற்றி ஈரமாக வைத்தலும் வேண்டும். ஆனால் ரேடியோ இடையூறு என்னும் நோய்க்கு அது மருந்தன்று. அந்நோய்க்கு வண்டியின் உடலே நிலம். அதனை ஒன்றாக்குதலே மருந்து.

எச்சரிக்கைகள்

பிரேக், காற்றுப்பை, யந்திரக் கட்டுப்பாடு ஆகியவற்றின் கம்பிகளில் கண்டென்ஸர் வைத்தலும் அவற்றை வெட்டி ஒட்டுதலும் ஒருபோதும் கூடா. ரேடியோவில் பேசும்போது அவை மயங்குமாயின், அனுப்பும் சக்தியைக் குறைத்தும் ஏரியலை அகற்றி வைத்தும் பார்க்க. தீராவிடின் வண்டியை ஓட்டும்போது பேசாதொழிக. சமையல் வாயு கசிந்தால் கூவும் எச்சரிக்கைக் கருவி பேசும்போதெல்லாம் பொய்யாகக் கூவுகின்றது என்று அதன் கம்பியைப் பிடுங்கிவிடுவார் உளர். காவல் நாய் அடிக்கடி குரைக்கின்றது என்று அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும் அது. ஃபெரைட் வளையம் ஒன்றை அதன் கம்பியிற் சுற்றிப் பொய்க்கூவலை நிறுத்துதலே அறிவுடைமை.

நின்ற இடத்தில் நீண்ட ஏரியலை உயர்த்துமுன் தலைக்குமேல் மின்கம்பி செல்கின்றதா என்று அண்ணாந்து பார்த்தல் வேண்டும். ஏரியல் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத அளவு தொலைவு இருத்தல் வேண்டும். அனுப்பும்போது ஏரியலைத் தொடுதல் தோலைச் சுடும். குழந்தைகளை அணுக விடலாகாது. கோடை இடிமழையிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் இடி முழங்கக் கேட்டவுடன் ஏரியலை இறக்கிக் கேபிளைக் கழற்றிவிடுக. மரமில்லாத கரிசல் வெளியில் உயர்ந்து நிற்பது நம் ஏரியல் ஒன்றே என்பதை மின்னல் நன்கு அறியும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஒரு கூரையின்கீழ் வாழும் சாதனங்கள் ஒன்றையொன்று கெடுப்பது அவற்றின் பகைமையாலன்று, அவற்றை வைத்தோர் வழிகளை வகுத்து வையாமையால் என்பது விளங்கும். ஏரியலை விலக்கி வைத்தல், உடலை ஓருடலாக்குதல், கம்பியை முறுக்கித் தனிவழியே செலுத்துதல், வாயில்தோறும் வளையமும் கண்டென்ஸரும் வைத்தல் ஆகிய இவற்றுள் எதுவும் பெரும் பொருட்செலவு வேண்டுவதன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமையும், ஒரு குறிப்புப் புத்தகமும், பொறுமையும் போதும். ஒரு முறையில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதன் பயனை எழுதிவைத்துப் பின்னரே அடுத்ததற்குச் செல்லுதல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றியவன் நோய் தீர்ந்தாலும் மருந்து இன்னதென்று அறியான்.

பௌதிக வகுப்பில் ஹெர்ட்ஸின் பொறியையும் அலைநீளக் கணக்கையும் பயிலும் நம் மாணவ நண்பர்கள், அவை தேர்வுத் தாளோடு முடிவன என்று எண்ணற்க. வீட்டுவண்டி இல்லாதோரும் தம் ஊர் ஆம்புலன்ஸிலோ, மருத்துவ வேனிலோ, தம் வீட்டு மோட்டார் வண்டியிலோ இச்சோதனைகளைப் பொறுப்பாளரின் அனுமதி பெற்றுச் செய்து பார்க்கலாம். மழை எப்போது பெய்யுமென்று கரிசற்காட்டு விவசாயி அறியான். ஆயினும் அது பெய்யுமுன் உழுது வைக்கின்றான். அங்ஙனமே, கைப்பேசி ஊமையாகும் நாள் எதுவென்று நாம் அறியோமாயினும், அந்நாள் வருமுன் நம் ரேடியோவின் குரலைத் தெளிவாக்கி வைத்தல் நம் கடன்.